மேசைகளைக் குறைக்கும் முன் புதன்கிழமையைப் பாருங்கள்

வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் பல நிறுவனங்கள் முதலில் மேசைகளைக் குறைக்கின்றன, முதல் தவறும் அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் கணக்கைச் சராசரியில் போடுகிறார்கள். 100 பேர் உள்ள ஓர் அலுவலகத்துக்குத் திங்கள் 35, செவ்வாய் 60, புதன் 75, வியாழன் 60, வெள்ளி 20 பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50தான். அதை நம்பி 50 மேசை போட்டால் புதன்கிழமை 25 பேர் லேப்டாப்பும் கையுமாக இடம் தேடி அலைவார்கள், அடுத்த வாரம் கிளம்பவே யோசிப்பார்கள். ஒரு குழு முழுக்க ஒரே நாளில் வரட்டும், ஆனால் எல்லாக் குழுக்களும் அதே நாளில் வேண்டாம்.

யாருக்கும் சொந்த மேசை இல்லை என்பதும் புதிய யோசனை இல்லை. 1990களிலேயே ஷயட்-டே என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. லேப்டாப், போன் எல்லாம் தினமும் கேட்டு வாங்க வேண்டும். அவை போதாமல் போனதால் ஆட்கள் லாக்கரில் ஒளித்து வைத்தார்கள், காகிதங்களைக் கார் டிக்கியில் அடுக்கினார்கள். சில வருடங்களில் அந்த ஏற்பாட்டையே கைவிட வேண்டியதாயிற்று. மேசையை எடுக்கிறீர்களா, சரி, தாராளமான லாக்கராவது கொடுங்கள்.

அப்புறம் சத்தம். எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. தடுப்புகளை எடுத்தால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று நினைக்கிறார்கள், ஆனால் பெர்ன்ஸ்டைன், டர்பன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய அலுவலகங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல்தான் கூடியது. நாலு பக்கமும் பார்வை படும் இடத்தில் மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒதுங்கத்தான் செய்வார்கள். இப்போது பாதிப் பேர் வீட்டில் இருப்பதால் அலுவலகத்துக்கு வந்தவரும் வீடியோ காலில்தான் இருக்கிறார்: மைக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திப் பேசுகிறார், கடைசியில் மாடிப்படியில் போய் உட்காருகிறார். கதவைச் சாத்தக்கூடிய சின்ன அறைகள்தான் அவருக்குத் தேவை.

அது இல்லாததால்தான் 10 பேர் அமரும் மீட்டிங் ரூமை ஒரே ஆள் பிடித்துக்கொள்கிறார். ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன் இரண்டு வாரம் ஒவ்வோர் அறையிலும் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், முன்பதிவுப் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம், பதிவு செய்துவிட்டு வராதவர்களும் அதில் இருப்பார்கள்.