கர்னல் சோதனைகளைத் தொகுத்து வேறொரு போர்டில் நிறுவுவது எப்படி?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் மூலநிரலில் டூல்ஸ், அதற்குள் டெஸ்டிங், அதற்குள் செல்ஃப்டெஸ்ட்ஸ் என்று போனால் கர்னலோடு சேர்ந்தே வரும் சோதனைகளைக் காணலாம். நான் அவற்றை மடிக்கணினியில் தொகுத்து (கம்பைல் செய்து), மேசைமேல் இருக்கும் ஆர்ம் போர்டில், அதாவது ஆர்ம் வகைச் செயலி கொண்ட சிறு கணினியில், ஓட்டுகிறேன்.

ஒருமுறை டைமர் பகுதியில் ஒரு திருத்தமும் அதற்கொரு சோதனையும் எழுதினேன். மடிக்கணினியில் தேறிய சோதனை, போர்டில் விழுந்தது. இரண்டு நாட்கள் திருத்தத்தையே வரி வரியாகக் குடைந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. சோதனை ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே அழைக்கும் துணைக் கோப்பு போர்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்றிலிருந்து மூலநிரலுக்குள் நின்றபடி ஓட்டிய எந்தச் சோதனையையும் நான் நம்புவதில்லை.

தொகுக்கும் வேலையை நடத்துவது 'மேக்' என்ற கருவி. அதற்குக் கொடுக்கும் முதல் கட்டளை 'மேக் ஹெட்டர்ஸ்'. இதை விட்டால் கணினியில் ஏற்கெனவே கிடக்கும் பழைய ஹெட்டர் கோப்புகளைக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும்; புதிய சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எதுவும் அதற்குத் தெரியாது. பிறகு 'மேக் கேசெல்ஃப்டெஸ்ட்-மெர்ஜ்'. சோதனைகள் கேட்கும் கான்ஃபிக் அமைப்புகளை அது உங்கள் கான்ஃபிக் கோப்பில், அதாவது கர்னலில் எந்த வசதிகள் வேண்டும் என்று சொல்லும் கோப்பில், சேர்த்துவிடும். அதன்பின் கர்னலை மறுபடி தொகுத்துப் போர்டில் ஏற்ற வேண்டும்.

எல்லாச் சோதனைகளையும் தொகுக்க வேண்டியதில்லை. மேக் கட்டளையோடு 'டார்கெட்ஸ்' மாறியில் 'டைமர்ஸ்' என்று மட்டும் கொடுங்கள். போர்டுக்காக 'ஆர்ச்' (செயலி வகை), 'கிராஸ் கம்பைல்' (அந்தச் செயலிக்கான கம்பைலர்) இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'ஃபோர்ஸ் டார்கெட்ஸ்' மாறிக்கு 1 கொடுப்பதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால், பத்துக் கோப்புறைகளில் ஒன்பது தொகுக்க முடியாமல் போனாலும் ஒன்று தேறினால் போதும், மேக் வெற்றி என்றே சொல்லிவிடும்.

இனி மேக்ஃபைல், அதாவது எதை எப்படித் தொகுக்க வேண்டும் என்று மேக்குக்குச் சொல்லும் கோப்பு. இங்கேதான் நிதானம் வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிய சோதனைகள் 'டெஸ்ட் புரோக்ஸ்' மாறியில் வரும். சி மொழியிலிருந்து தொகுக்கப்படுபவை 'டெஸ்ட் ஜென் புரோக்ஸ்'. தானாக ஓடக் கூடாது, ஆனால் உடன் போக வேண்டும் என்கிற துணைக் கோப்புகள் 'டெஸ்ட் ஃபைல்ஸ்'. நான் எழுதாமல் விட்டது இந்த வரியைத்தான். 'டெஸ்ட் ஃபைல்ஸ்' உட்கோப்புறை அமைப்பைக் காப்பாற்றாது. எல்லாக் கோப்பும் ஒரே இடத்தில் கொட்டப்படும். அண்டைக் கோப்புறையின் கோப்பை அதே பாதையோடு கொண்டுபோக, புதிய கர்னல்களில் 'டெஸ்ட் இன்க்ளூட்ஸ்' இருக்கிறது. இந்த மாறிகளையெல்லாம் எழுதிய பிறகே எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான விதிகள் உள்ள 'லிப்.எம்கே' கோப்பைச் சேர்க்கும் வரி வர வேண்டும். அதற்குப் பின்னால் எழுதினால் வெளியீட்டுப் பாதை சரியாக ஒட்டாது.

நிறுவுவதற்கு, செல்ஃப்டெஸ்ட்ஸ் கோப்புறையில் 'மேக் இன்ஸ்டால்' கொடுங்கள். 'இன்ஸ்டால் பாத்' மாறியில் மூலநிரலுக்கு வெளியே ஓர் இடத்தைச் சொல்லுங்கள். கோப்புகளை நகலெடுப்பது ஆர்சிங்க் என்பதால் அது கணினியில் இருக்க வேண்டும். முடிந்ததும் அங்கே உருவாகியிருக்கும் 'கேசெல்ஃப்டெஸ்ட்-லிஸ்ட்' கோப்பைத் திறந்து பாருங்கள். 'டைமர்ஸ்:போசிக்ஸ்_டைமர்ஸ்' என்பதுபோல வரிக்கு ஒரு சோதனை இருக்கும். உங்கள் சோதனையின் பெயர் அதில் இல்லையென்றால் போர்டிலும் அது ஓடாது. மடிக்கணினிக்காகத் தொகுத்த பிரதி ஒன்றையும் இப்படியே நிறுவி, மூலநிரல் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, அந்தப் பிரதியை ஓட்டிப் பாருங்கள். விடுபட்ட கோப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

போர்டுக்காக நிறுவிய கோப்புறையைப் போர்டுக்கு நகலெடுங்கள். அங்கே அதிலுள்ள 'ரன்_கேசெல்ஃப்டெஸ்ட்' ஸ்கிரிப்டுக்கு 'சி' விருப்பத்தோடு சோதனைத் தொகுதியின் பெயரை (இங்கே 'டைமர்ஸ்') கொடுத்தால் அது மட்டும் ஓடும். ஒவ்வொரு சோதனைக்கும் இயல்பாகக் கிடைப்பது 45 வினாடிகள். மெதுவான போர்டுக்கு அது போதாவிட்டால், அந்தச் சோதனைக் கோப்புறையில் 'செட்டிங்ஸ்' என்ற கோப்பில் 'டைம்அவுட்' மதிப்பைக் கூட்டுங்கள். முடிவில் 'ஸ்கிப்' என்று வரும் வரிகளைத் தனியே எண்ணுங்கள். சோதனை 4 என்ற எண்ணோடு வெளியேறினால் அதற்குப் பொருள், தேவையான வசதி இல்லாததால் அது ஓடவே இல்லை என்பது. அப்படி வந்தால் நான் முதலில் பார்ப்பது கான்ஃபிக் கோப்பை.