மாரி மழையில் முற்றத்து அந்துப்பூச்சிப் பொறி

அந்துப்பூச்சிகளை இரவில் விளக்கால் ஈர்த்து, விடியலில் படம் எடுத்துவிட்டு விடுவிப்பதற்கானது இந்தப் பொறி. ஐப்பசியில் இலங்கையின் வன்னிக்கு மழை பிடித்துவிட்டால் பலர் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேகம் மூடிய, காற்றடங்கிய, புழுக்கமான இரவில்தான் அந்துப்பூச்சிகள் நிறையப் பறக்கும். அமாவாசையை அண்டிய இரவென்றால் இன்னும் நல்லது. தூறல் அவற்றைத் தடுப்பதில்லை. பொறிக்குள் தேங்கும் தண்ணீர்தான் கொல்கிறது.

ஆகவே முதல் வேலை, மூடியுள்ள பெரிய வாளி ஒன்றின் அடியில் ஏழெட்டுத் துளைகள் இடுவது. உள்ளே நுளம்பு வலைத் துண்டை விரித்து, நாலைந்து கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் முட்டை அடுக்கும் காகித மட்டைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பூச்சிகள் ஒடுங்கப்போவது அந்தக் குழிகளில்தான். மட்டை அடித்தளத்தைத் தொட்டால் ஊறிக் கூழாகிவிடும். மூடியை வெட்டி, கீழ்வாய் 3 சென்ரிமீற்றர் அளவுள்ள புனலைப் பொருத்துங்கள்.

வீட்டு மின்சாரத்தை மழைக்குள் இழுக்கவே வேண்டாம். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பற்றரியில் எரியும் புற ஊதா எல்.ஈ.டி. விளக்குப் போதும், அதை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக்கூடாது. புனலுக்கு மேலே விளக்கு, அதற்கும் மேலே நான்கு தடிகளில் இழுத்துக் கட்டிய தெளிவான பொலித்தீன் கூரை. பற்றரி மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

வாளியைச் செங்கற்களில் ஏற்றி, செங்கற்களைத் தண்ணீர்த் தட்டுகளில் வையுங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டேன். எறும்பு ஏறி, விடியும்போது மட்டைகளில் இறகுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இன்றும் அந்தக் காட்சி மனதை உறுத்துகிறது.

இருட்டியதும் விளக்கைப் போடுங்கள். ஈசல் கிளம்பினால் அது ஓயும்வரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வாளி நிறைந்துவிடும். செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த, எறும்பு போன்ற சிறு வண்டு உடம்பில் ஏறினால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். அதன் நீர் பட்ட இடம் கொப்பளிக்கும். விளக்கடிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். ரோர்ச் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.

பூச்சி பிடிக்கும் கரிச்சான் குருவி விழிக்குமுன் நீங்கள் எழும்ப வேண்டும். மட்டைகளை ஒவ்வொன்றாக மெல்ல உயர்த்திப் படம் எடுங்கள். முன்சிறகில் ஒற்றைக் கரும்புள்ளியுடன் மஞ்சளாக இருப்பது நெல்லின் தண்டு துளைப்பான் பெண்பூச்சி. காலபோக (மாரிகால நெல்) வயலில் மணி பிடிக்காத வெண்கதிர் விழுவதற்குக் காரணமான இனம். பச்சை வரியோடு கொழுத்திருப்பது, புழுப் பருவத்தில் அலரி இலையைத் தின்று வளர்ந்தது. மிகப் பெரிய இனமான அட்லஸ் அந்துப்பூச்சி வாளிக்குள் இறங்காது, பக்கத்துச் சுவரில் தேடுங்கள். வளர்ந்தபின் அது எதையும் உண்பதில்லை. சில நாள் உயிரே அதற்கு உண்டு. தொடாமல் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை மட்டையோடு கொண்டுபோய் அடர்ந்த பற்றைக்குள் நிழலில் சாய்த்து வையுங்கள். அடுத்த இரவு பொறி வைக்காதீர்கள். முதல்நாள் வந்தவையே மறுபடி விளக்கடியில் இரவைத் தொலைத்துவிடும்.