மேட்சிங் துணி வாங்கப் போகிறீர்களா? புடவையையும் எடுத்துப் போங்கள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மற்றதை எல்லாம் போனில் ஆர்டர் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மேட்சிங் துணியை மட்டும் கடைக்குப் போய் வாங்குங்கள். திரையில் அரக்காகத் தெரிந்தது பார்சலைப் பிரித்தால் மெரூனாக இருக்கும்.

புடவையின் போட்டோ போதாது, புடவையே வேண்டும். காலை பதினோரு மணி வாக்கில் போனால் கடைப் பையனுக்குப் பொறுமை இருக்கும், வாசலில் வெயிலும் இருக்கும். தி.நகர் கடைக்கு என்றால், மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் புக முடியாதென்றால், 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை போகிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு? வேண்டவே வேண்டாம்.

பையன் நாலு துணிக்கட்டை உருவிப் போட்டு, "கரெக்ட் மேட்ச்சுக்கா" என்பான். டியூப்லைட்டில் எல்லாமே கரெக்ட்தான். விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயம் வெயிலில் தனித்தனியாக நிற்கும். "வாசல்ல பாத்துட்டு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு நகருங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். துணியை ஒற்றையாகப் பிரித்துப் புடவைமேல் போடுங்கள். நாலு மடிப்பில் எந்த நிறமும் கெட்டியாகத்தான் தெரியும். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தக் கட்டு வேண்டாம்.

பருத்தி என்று சொல்லித் தந்தால் ஒரு நூலை உருவி வாங்கி, தெருவுக்கு வந்து கொளுத்துங்கள். பருத்தி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, உருண்டு, கெட்டிப்படும்.

அப்புறம் பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். 36 இஞ்ச் என்றால் ஒரு மீட்டர் வாங்குங்கள், 44 என்றால் 80 சென்டிமீட்டர். நடுத்தர உடம்புக்கு இது என் கணக்கு. கை நீளமாக வேண்டுமென்றால் டெய்லரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மீட்டர் கட்டையில் வைத்து அளக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கிறார்களா என்று ஒரு கண் வையுங்கள். டூ பை டூ என்கிற பிளவுஸ் துணியைக் கத்தரியால் வெட்டாமல் கிழித்துத் தரச் சொல்லுங்கள், நூல் வாக்கில் நேராக வரும். கிழித்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் வெயில் சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

லைனிங்கும் அங்கேயே வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் தனித்தனியாக நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவாருங்கள். நனைக்காத லைனிங் முதல் துவைப்பிலேயே சுருங்கும், மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். அப்புறம் தையல் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.