ஞாயிற்றுக்கிழமையும் ஜிம் சாவி கேட்கிறவருக்கு: உடற்கட்டுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் 18 வருஷமாக ஜிம்மில் பயிற்சி கொடுத்து வருகிறேன். போன கத்திரி வெயிலில் ஒரு சாயங்காலம், 23 வயதுப் பையன் ஒருவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எடை தூக்கிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போய், மணிக்கட்டுப் பட்டன் வழியாக வியர்வை சொட்டியது. "ஏலே, கையை மடக்கியாவது விடேன்லே" என்றேன். "வேண்டாண்ணே, கை குச்சியா இருக்கு. நாலு பேரு பாப்பாங்க" என்றான்.

அவன் கையை நாடா வைத்து அளந்தவன் நான். 16 அங்குலம். எங்கள் ஜிம்மில் அதைவிடப் பெரிய கை இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒருநாள் தவறாமல் வருவான், கொடுத்த பயிற்சியை முழுசாக முடிப்பான். புதுசாகச் சேரும் பையன்களிடம் "இவனைப் பாத்துக் கத்துக்கிடுங்க" என்று காட்டியதும் நான்தான். அதுதான் நான் செய்த தவறு. மேலே படிக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈடுபாட்டையும் வெறியையும் நேரக் கணக்கு வைத்துப் பிரிக்க முடியாது. போட்டிக்குத் தயாராகிறவர் தினம் இரண்டு மணிநேரம் உழைப்பார், வாயைக் கட்டுவார், அதில் குற்றமே இல்லை. மனோகர் ஐச் என்ற வங்காளத்துக்காரர் ஐந்தடிகூட உயரமில்லாதவர். 1952ல் தன் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினார். 2016ல் இறக்கும்போது அவருக்கு 104 வயது. வாழ்நாள் முழுக்கப் பயிற்சியோடு இருந்த மனிதர். ஆகவே "இவ்வளவு நேரம் ஜிம்மில் கிடக்கானே" என்று ஒருவரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு. ஒருநாள் பயிற்சி விட்டுப்போனால் அவருக்கு என்ன ஆகிறது? "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று தூங்கப் போகிறாரா? இல்லை, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்து, ராத்திரி சாப்பாட்டைத் தண்டனைபோல் குறைத்து, மறுநாள் இரண்டு மடங்கு தூக்குகிறாரா? இரண்டாவது வகை என்றால் கவனிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

கண்ணாடியை நீதிபதியாக்குவது

பொங்கலுக்கு வடலிவிளையில் இன்றைக்கும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். கல் தோளைத் தாண்டி விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். தீர்ப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். கண்ணாடியிடம் அப்படி ஒரு கோடு கிடையாது. காலையில் ஒன்று காட்டும், சாப்பிட்டபின் ஒன்று காட்டும், டியூப்லைட்டுக்கு அடியில் இன்னொன்று காட்டும்.

அந்தப் பையனுக்கு இருந்ததற்குப் பெயர் உண்டு. அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் 1993ல் உடற்கட்டுக்காரர்களிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். பட்டினி கிடந்து எலும்பாய்ப் போன பெண்கள் தங்களைக் குண்டு என்று நம்புவது போல, மலைபோல் இருக்கும் இவர்கள் தங்களை ஒல்லி என்று நம்பினார்கள். 1997ல் அதற்கு 'மசில் டிஸ்மார்பியா' என்று பெயர் வைத்தார்கள். 2013ல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடு இதை, உடல் உருவத்தைப் பற்றிய தவறான எண்ணம் மனசைப் பிடித்துக்கொள்ளும் நோயின் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. கையை நூறு தடவை கழுவ வைக்கிற நோய் இருக்கிறதல்லவா, அதே குடும்பம். இதைத் திமிர் என்றோ, சினிமா பார்த்துக் கெட்டுப்போனான் என்றோ சொல்லி ஒதுக்குவது பெரிய தவறு.

அடையாளங்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். வெயிலிலும் தொளதொளச் சட்டை, ஆற்றில் குளிக்க எல்லோரும் இறங்கும்போது இவன் மட்டும் படித்துறையில் உட்கார்ந்திருப்பது, ஒருநாளில் பத்து இருபது தடவை கண்ணாடி, தினமும் ஒரே கோணத்தில் போட்டோ, "அண்ணே, நேத்தைக்கு இன்னைக்கு சுருங்கிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. "இல்லலே, நல்லாத்தான் இருக்கே" என்று நாமும் சொல்லிக்கொண்டே இருப்போம். அந்தப் பதில் பத்து நிமிஷம் தாங்கும், திரும்ப வந்து நிற்பான். தினம் தைரியம் சொல்வதால் இது ஆறுவதில்லை.

கேட்கிற விஷயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு நாள் பயிற்சி விட்டால், சாப்பாட்டில் சோறு குறைந்தால், கை சுருங்கின மாதிரி தெரியும். தசைக்குள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குறைவது அதுதான், தசை அல்ல. இரண்டு மூன்று வாரம் முழுசாக நிறுத்தினாலும் பலம் பெரிதாக இறங்குவதில்லை. இதை என் பையன்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிடுகிறேன். குறிக்கோளையும் கண்ணாடியிலிருந்து எடை தூக்கும் கம்பிக்கு மாற்றிவிடுகிறேன். "ஆடிக்குள்ள 80 கிலோவில் ஐந்து தடவை ஸ்குவாட்", அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, என்று சொன்னால் அதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம பக்கம் கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "என்ன எய்யா, இப்படி மெலிஞ்சி போய்ட்டே?" என்பதுதான். பாசத்தில் கேட்பது, தெரியும். அந்தப் பையனின் சித்தி அப்படிக் கேட்டதற்கு அவன் நாலு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்டதை இன்னமும் நெஞ்சில் வைத்திருக்கிறான். அவனிடம் உடம்பைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுங்கள். மெலிந்தாய் என்றும் வேண்டாம், மாமிச மலை என்றும் வேண்டாம்.

பந்தியில் டப்பாவைத் திறப்பது

இது என் கதை. 2008ல் மாவட்டப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழா. ஆச்சி எனக்கென்று உளுந்தங்களி கிண்டி, உருட்டி, நடுவில் விரலால் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு வைத்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன டப்பாவைத் திறந்து ஆறு முட்டை வெள்ளையைத் தின்றேன். "ஏன் எய்யா, நான் கிண்டுனது ஒனக்கு ஆகாதா?" என்று கேட்டாள். கருப்பட்டியில் இனிப்பு இருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தட்டைப் போட்டு மூடிவைத்தாள். அடுத்த கொடைக்கு அவள் இல்லை.

இப்போது தெரிகிற கணக்கு அப்போது தெரியவில்லை. 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். மஞ்சளைத் தூக்கிப் போட்டால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதாவது 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். 2.2 கிராமைத் தாண்டிப்போனால் தசைக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதாகத் தெரியவில்லை. நான் அந்த நாட்களில் கிலோவுக்கு மூன்று கிராம் வரை தின்றுகொண்டிருந்தேன். வருஷத்தில் ஒருநாள் ஒரு உருண்டை களி எந்தப் போட்டியையும் தோற்கடித்திருக்காது. போட்டியில் நான் நாலாவதாக வந்தேன்.

சாப்பாட்டில் ஒழுங்கு வேண்டும்தான். கல்யாணம், கொடை, இழவு வீட்டுச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒருவர் தவிர்க்கத் தொடங்கினால், பிறகு ஆட்களையும் தவிர்ப்பார்.

வலியைத் தகுதி என்று எண்ணுவது

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தசை வளர்வது ஜிம்மில் இல்லை, தூக்கத்தில், ஓய்வில். கடுமையாகப் பயிற்சி செய்தபின் ஒன்றிரண்டு நாள் அந்த வளர்ச்சி வேலை நடக்கும். அதற்குள் அதே தசையைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தால் பலன் இல்லை. தசை வேகமாகப் பலப்படும், அதை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் பலப்படும். தோளில் கூர்மையான வலியோடு பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்து எடை தூக்குவது, மன உறுதி ஆகாது. 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஜெயித்த ரோனி கோல்மன், முதுகிலும் இடுப்பிலும் பல அறுவை சிகிச்சை செய்து, ஊன்றுகோலோடு நடக்கும் நிலைக்கு வந்தார். அவருக்கு உலகப் பட்டமாவது கிடைத்தது.

நம்ம ஊர் வெயிலுக்காக ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தகரக் கூரை ஜிம்மில், தண்ணீர் குடிக்காமல், முதல் வாரத்திலேயே புதுப் பையனைப் போட்டு வதைத்தால் தசை உடைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால், காலையில் பார்க்கலாம் என்று படுக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

"ஒரே ஒரு கோர்ஸ்ணே"

தசையை ஊதவைக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. யாரும் முதல் நாளிலேயே ஊசியோடு வருவதில்லை. கண்ணாடி திருப்தி தராதவன்தான் அங்கே போய் நிற்கிறான்.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வந்ததும் மூளை, "இனி நாம் சுரக்கச் சொல்ல வேண்டியதில்லை" என்று கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். கூடுதல் ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி மார்பில் கட்டி வரும். நல்ல கொழுப்பு இறங்கும், இதயச் சுவர் தடிக்கும், மாத்திரை வகை ஈரலைத் தாக்கும். நிறுத்தினாலும் சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில் வரும் மனச்சோர்வைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடி ஊசிக்கே போகிறார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றால் நம்ம வீடுகளில் மருமகளைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அலைக்கழிப்பார்கள். மகனுடைய ஜிம் பைக்குள் என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அந்தப் பெண் வாங்குகிற பேச்சுக்கு அவன் வாய்மூடி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தாங்க முடியாத விஷயம் அது.

மேடையில் தோல் ஒட்டித் தெரிய வேண்டும் என்று நீர் வற்ற மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. முகமது பெனாசிசா 1992ல் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். ஆந்திரியாஸ் மியூன்சர் 1996ல், 31 வயதில், மேடை ஏறிய சில நாட்களில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோய் இறந்தார். இரண்டு பேரும் உலக அளவில் பெயர் எடுத்தவர்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் தானே நிறுத்துவதும் ஒரு தவறுதான். ஹார்மோன் மருத்துவரிடம் போய், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மனசு இருட்டிக்கொண்டு வந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலிமானஸ் எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அந்தப் பையனை நான் ஜிம்முக்கு வராதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஜிம்முக்குப் போயிருப்பான். மனநல மருத்துவரிடம் முதல் தடவை நானும் கூடப் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு வழியாகத்தான் சிகிச்சை நடக்கிறது, கொஞ்ச நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். வாரம் நாலு நாள் பயிற்சி, போட்டோ எடுப்பதில்லை, அளவு நாடா என்னிடம் இருக்கிறது. இன்னும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். போன வாரம் முழங்கை வரை மடக்கி விட்டிருந்தான், நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜிம்மை இப்போது ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடுகிறேன். மூன்று பேர் இன்னமும் சாவி கேட்டுப் போன் செய்கிறார்கள். அவர்கள் பெயரை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச.