படம் வரைந்த பிறகு பேசலாம்: தண்ணீர்க் கூட்டம் நடத்தப்போகிறவர்களுக்கு

வாய்க்காலுக்கு கான்கிரீட் தளம் போடும் திட்டத்தை விளக்கப் போயிருந்தேன். அப்போது நான் புதுப் பொறியாளன். சுவரில் ஒட்டிய சார்ட்டில் வாய்க்காலை நீலத்தில் வரைந்து, இரண்டு கரையிலிருந்தும் சிவப்பு அம்புகளை வெளியே இழுத்து, மேலே ‘இழப்பு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். “தம்பி, அந்தப் பேனாவக் குடுங்க” என்றவர், என் சிவப்பு அம்பு ஒன்றைத் தாளின் ஓரம் வரை நீட்டி, முனையில் ஒரு வட்டம் போட்டார். “இது என் கிணறு. நீங்க இழப்புன்னு எழுதியிருக்கறதுதான் எனக்கு வரவு.”

என்னிடம் பதில் இல்லை. கசிவைக் கணக்கிட்டதில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் கணக்கு வாய்க்கால் கரையோடு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு விஷயத்தின் எல்லையை எங்கே போடுகிறோம், எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்ப்பதை முறைமைச் சிந்தனை என்கிறார்கள். அதை ஒரே தண்ணீரைப் பங்கிடுகிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, அதன்படி நடப்பையும் மாற்றிக்கொண்டால் அதற்குச் சமூகக் கற்றல் என்று பெயர். அந்த அம்மாவிடம் பாடம் கேட்ட பிறகு இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்துவதே என் வேலையாகிவிட்டது. எனக்குக் கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன்.

கூப்பிடுவதற்கு முன்

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கூட்டத்தால் எது மாற முடியும்? எதுவுமே மாறாது, முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் கூட்டம் வேண்டாம், ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும். மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் மூன்றாவது, நான்காவது படிகள்தான். அவை வெறும் பெயரளவுப் பங்கேற்பு என்பது அவர் கருத்து. நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகை ஒரு பாடம். அங்கே ஆற்றிலிருந்து அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டிருந்தார்கள், குறைக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தது. 2010 அக்டோபரில் வெளியான வழிகாட்டி ஆவணம், ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 கிகாலிட்டர் வரை (ஒரு கிகாலிட்டர் என்பது நூறு கோடி லிட்டர்) ஆற்றுக்கே திருப்பித் தர வேண்டும் என்றது. கிரிஃபித் என்ற ஊரில் அதன் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். 2012-இல் இறுதியான திட்டத்தில் எண் 2,750 ஆனது. எந்த எண் சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எண் முதலில் வந்து பேச்சு பின்னால் வந்தால், பேச்சு முழுக்க அந்த எண்ணைப் பற்றியே இருக்கும். நான் கவனித்தவரை இதற்கு விலக்கே இல்லை.

யாரைக் கூப்பிடுவது? தண்ணீர் எடுப்பவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். கழிவும் வடிகாலும் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், மாடு ஓட்டி வருகிறவர்கள், மதகைக் கையால் திறந்து மூடும் கடைநிலைப் பணியாளர், இவர்களைத் தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “யார் வந்தா கூட்டம் கெட்டுப்போகும்?” இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால், முதல் அழைப்பு அவருக்குத்தான்.

கடைமடையிலிருந்து நடங்கள்

கூட்டத்துக்கு முந்தைய நாள் எல்லோருமாக வாய்க்காலோரம் நடந்துவிட்டு வாருங்கள். தலைமடையிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் வெயில் ஏறிவிடும், “மீதி இதே மாதிரிதான்” என்று யாராவது சொல்லுவார், திரும்பிவிடுவீர்கள். கடைமடையைப் பார்க்காமலே போன குழுக்கள் ஏராளம். அதனால் வால் பக்கத்திலிருந்து மேலே ஏறுங்கள். நடையில் பேச்சை நீங்கள் நடத்த வேண்டியதில்லை.

படம்

இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் செக்லண்டும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறையில் ஒரு கட்டம், சிக்கலான நிலைமையை வார்த்தைகளுக்குப் பதிலாகப் படமாகப் போட்டுப் பார்ப்பது. நான் செய்வது அதன் எளிய வடிவம்.

நான்கு சார்ட் தாள்களைப் பின்பக்கம் டேப் ஒட்டி ஒன்றாக்குங்கள். சுவரில் மாட்டக் கூடாது. சுவரில் மாட்டினால் ஒருவர் ஆசிரியராகிவிடுவார், மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். தரையிலோ மேசையிலோ விரித்து, சுற்றி ஐந்தாறு பேரை உட்கார வையுங்கள். தலைமடை, கடைமடை, அலுவலகம் எல்லாம் கலந்திருக்கட்டும். முதல் அரை மணி நேரம் அதிகாரிகள் கையில் பேனா இருக்கக் கூடாது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

“எனக்கு வரைய வராது” என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்களே முதலில் கோணல்மாணலாக ஒரு மாடு வரைந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். ஆறு, கிணறு, மோட்டார், வடிகால் எல்லாம் வரட்டும். அப்புறம் மனிதர்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு குமிழி, அதில் அவருடைய கவலை. சண்டை இருக்கும் இடத்தில் குறுக்காக இரண்டு வாள். யார் யாருக்கு வாள் என்று வரையும்போது சிரிப்பு வரும், சில நேரம் கனத்த மௌனமும் வரும். இரண்டையும் அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

‘இழப்பு’, ‘உபரி’, ‘வீண்’, ‘கடலில் கலப்பது’. தாளில் இந்தச் சொற்கள் தென்பட்டால் விரலை வைத்து, “யாருக்கு?” என்று கேளுங்கள். கசிவு கிணற்றுக்குப் போகிறதா, உவர்நிலத்துக்குப் போய்க் கெடுகிறதா என்பதைப் பொறுத்து ஒரே சொல்லுக்கு அர்த்தம் தலைகீழாகிவிடும்.

படம் நிரம்பிய பிறகு இன்னொரு நிறத்தில் காரண அம்புகள். ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றால் கூட்டல் குறி, கூடினால் மற்றது குறையும் என்றால் கழித்தல் குறி. ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சொட்டுநீர் போட்டால் வயலுக்கு விடும் நீர் குறைகிறது: கழித்தல். மிச்சமாகும் நீரால் பக்கத்துத் தரிசிலும் பயிர் ஏறுகிறது: கூட்டல். பயிர் ஏறினால் ஆவியாகப் போவதும் கூடுகிறது, மண்ணுக்குள் இறங்கிக் கீழே போவது குறைகிறது. கடைமடைக் கிணறு வற்றுகிறது. வயல் அளவில் சேமிப்பு, படுகை அளவில் பற்றாக்குறை. நீராவி எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்று 1865-இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுதியதும் இதே சுழற்சியைப் பற்றித்தான். சொட்டுநீர் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எடுக்கும் மொத்த அளவுக்கு வரம்பு வைக்காமல் அதை மட்டும் கொடுத்தால் ஆறு மிஞ்சாது, அவ்வளவுதான்.

தாமதமாக விளைவு காட்டும் அம்புகளின் குறுக்கே இரட்டைக் கோடு போடச் சொல்லுங்கள். கசிவு கிணற்றை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம். இந்த ஆண்டு தளம் போட்டால் அடுத்த கோடையில்தான் நீர்மட்டம் இறங்குவது தெரியும், அதற்குள் பழி மழை மேல் விழுந்திருக்கும். என் அனுபவத்தில் பாதிச் சண்டைகள் இந்த இரட்டைக் கோட்டுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

சேர்ந்து அளவெடுங்கள்

படத்தில் கருத்து வேறுபாடு வரும் இடங்களில் வாதம் செய்யாமல் கேள்விக்குறி போட்டு வையுங்கள். அங்கேதான் அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினாலே போதும், ஆனால் எல்லாக் கிணற்றையும் ஒரே நாளில், காலையில் மோட்டார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். தலைமடைக்காரர் கடைமடைக் கிணற்றை அளக்கட்டும், கடைமடைக்காரர் தலைமடை மதகை. எண்களைப் பொதுச் சுவரில் எழுதுங்கள்.

2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், 1965-இல் முடித்த முனைவர் ஆய்வில் எடுத்துக்கொண்டது தெற்குக் கலிஃபோர்னியாவின் ஒரு நிலத்தடிநீர்ப் படுகையை. ஆளாளுக்கு உறிஞ்சியதில் அங்கே கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள், படுகை எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பொதுவான ஒரு கணக்கு கையில் வந்த பிறகுதான், குறைத்துக்கொள்ளும் உடன்பாடு பேசக்கூடியதாக ஆனது.

தலையாட்டல் கற்றல் ஆகாது

கூட்டம் முடிவில் எல்லோரும் “நல்லா இருந்துச்சு” என்பார்கள். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கேள்வி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த ஆர்கிரிஸும் ஷோனும் 1978-இல் கற்றலை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். வெப்பநிலையைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் கருவி போல, வைத்த அளவுக்கு அறையைச் சூடாக்குவது ஒரு வகை. அந்த அளவையே ஏன் வைத்தோம் என்று கேட்பது இன்னொன்று. மதகை எத்தனை மணி நேரம் திறப்பது என்பது முதல் வகைக் கேள்வி. எங்கள் கூட்டத்தில் மூன்றாவது சந்திப்பில், மதகுப் பணியாளர்தான் வேறொன்று கேட்டார்: “இந்த வாய்க்காலோட வேலை வயலுக்குக் கொண்டுபோறது மட்டுந்தானா, ஊறவைக்கறதும் சேர்த்தியா?” அதற்குப் பிறகு, கசிவு தேங்கி நிலத்தைக் கெடுத்த பகுதிக்கு மட்டும் தளம் போட்டு, கிணறுகளுக்கு மேலே உள்ள பகுதியை ஒரு பருவத்துக்கு மண்ணாகவே விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு கூட்டத்தில் எல்லோரையும் விட அழகாகப் படம் போட்டவர், இரவில் வாய்க்காலில் மோட்டாரை இறக்கினார். புரியாமல் செய்யவில்லை, நன்றாகப் புரிந்துதான் செய்தார். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை சிறு அபராதம், அப்புறம் பெரிது என்று படிப்படியான தண்டனையை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கவில்லை. பொதுவளத்தைப் பகிர்ந்து காப்பதற்கு ஆஸ்ட்ரம் சொன்ன எட்டு விதிகளில் ஒன்று அது, படித்தும்தான் இருந்தேன்.

கலைவதற்கு முன் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள். அடுத்த முறை புதுத்தாள் எடுக்க வேண்டாம். பழைய படத்தையே விரித்து, அளந்த எண்களோடு ஒப்பிட்டு, வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். அடித்ததை அழிக்காதீர்கள், எதை நம்பிக்கொண்டிருந்தோம் என்பது தெரிய வேண்டும். படம் அலுவலக அலமாரிக்குப் போனால் திரும்பி வராது, கடைமடையில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். அகலமான பிவிசி குழாய்க்குள் சுருட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுங்கள். எலி கடிக்காது.