சீந்தில் கஷாயம்: வீட்டில் நடக்கும் தவறுகள்

வேலியிலும் வேப்பமரத்திலும் கேட்பாரற்றுப் படர்ந்து கிடந்த சீந்திலுக்கு 2020-இல் கொரோனாவோடு மவுசு வந்தது. எதிர்ப்புச் சக்தி கூடும் என்று தண்டை வெட்டிக் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்தவர்கள் பலர் இன்னும் நிறுத்தவில்லை. முதல் தவறே அதுதான். சித்த வைத்தியர் சீந்திலைக் கொடுத்தால் இந்த நோய்க்கு, இத்தனை நாள், இவ்வளவு என்று சொல்லித்தான் கொடுப்பார். தினமும் டீ மாதிரி குடிக்கச் சொல்லமாட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு மருத்துவர்களிடம் வந்தார்கள். எல்லாரும் சீந்தில் குடித்தவர்கள். 2021-இல் இது ஆய்விதழில் வந்ததும், செடியைச் சரியாக அடையாளம் காணாமல் பழி போடுவதாக ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மறு ஆண்டே 13 மருத்துவ மையங்களிலிருந்து இதே போலப் பாதிக்கப்பட்ட 43 பேரின் விவரம் வெளியானது. அவர்களில் பலருக்குத் தன்னெதிர்ப்பு நோயின், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோயின், அடையாளங்கள் இருந்தன. சண்டை இருக்கட்டும், நமக்கு இரண்டு பக்கத்திலும் பாடம் உண்டு.

ஒன்று, செடி. சீந்திலுக்கு ஒரு பங்காளி இருக்கிறது: டினோஸ்போரா கிரிஸ்பா. இலை இரண்டிலும் இதய வடிவம்தான், அதை நம்பினால் ஏமாறுவோம். தண்டைப் பாருங்கள். கிரிஸ்பாவில் உடம்பெல்லாம் சின்னச் சின்ன முண்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும், கீறினால் பால் வடியும். சீந்திலில் பால் வராது. பழம் உருண்டையாக, சிவப்பாக இருக்கும். கிரிஸ்பா பழம் நீள்வட்டம், ஆரஞ்சு நிறம். கடையில் பொடியாக வாங்கினால் இதில் எதையும் பார்க்க முடியாது.

இன்னொன்று, குடிப்பவர். முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது அவர்களுக்கு லாபமில்லை. கர்ப்பிணிகளும் தவிர்க்கலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் குடிக்கிறார்களே, அது ஆபத்து: சீந்திலும் ரத்தச் சர்க்கரையை இறக்கும், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் வரை போகலாம். (சீந்தில் சர்க்கரை என்று விற்பது இனிப்பல்ல, தண்டை இடித்து ஊறவைத்து அடியில் படியும் மாவு.)

குடிக்கும்போது பசி போய், குமட்டி, சிறுநீர் அடர் மஞ்சளாகவோ கண் மஞ்சளாகவோ மாறினால் ‘உடம்பு சுத்தமாகிறது’ என்று காத்திருக்காதீர்கள். உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள். அங்கே சீந்தில் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.