அடிக்கடி விழுந்த ஆர்சிசிபி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மின்கசிவைக் கண்டால் தானே அணையும் ஆர்சிசிபி ஸ்விட்ச் தினமும் நாலைந்து முறை விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது. வந்த எலக்ட்ரீஷியன், "கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் சார்" என்றார். எனக்கு நெஞ்சு பதறியது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவியல்லவா அது!

மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்தும் ஆர்சிசிபி சில நேரம் விழுந்தது. எங்கள் எம்சிபிகள் மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிப்பவை. அது திரும்பும் நியூட்ரல் கம்பி எங்காவது எர்த்தைத் தொட்டால் அவற்றால் பயனில்லை. மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தோம். கீசர் கம்பியை எடுத்ததும் தொல்லை நின்றது. திறந்து பார்த்தால், போர்வெல் தண்ணீரின் உப்பு சுண்ணாம்புபோல் அப்பி, எலிமெண்டின் உறை வெடித்திருந்தது. புதியது மாற்றினோம்.

அப்போதுதான் பிரிட்ஜ் சாக்கெட்டைக் கவனித்தேன். திருகு தளர்ந்து, தீப்பொறி பறந்து, பிளாஸ்டிக் கருகியிருந்தது. அந்தத் தீப்பொறியை எம்சிபியும் அறியாது, ஆர்சிசிபியும் அறியாது: மின்னோட்டம் கூடவுமில்லை, எர்த்துக்குக் கசியவுமில்லை. அதற்கு, தீப்பொறியைக் கண்டறிந்து துண்டிக்கும் ஆர்க் ஃபால்ட் கருவி தனியாக வேண்டும். விலை அதிகம், பிரிட்ஜ், படுக்கையறை லைன்களுக்கு மட்டும் போட்டேன்.

கட்டடத்தின் மெயின் பேனலுக்கு, சங்கத்தில் பேசி, தாமதித்து விழும் 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வாங்கியிருக்கிறோம். வீட்டு ஆர்சிசிபி முந்திக்கொண்டு விழுந்துவிடும் என்பதால், இனி ஒரு வீட்டுக் கசிவால் மொத்தக் கட்டடமும் இருளாது.